ஃப்ளெக்சி சலுகைத் திட்டமும் வருமான வரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் ஹெச்ஆரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: ஃப்ளெக்சி தேர்வுகளை இந்த வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். திறந்து பார்த்தால் உணவுக் கூப்பன், எல்டிஏ (விடுமுறைப் பயணப் படி), பெட்ரோல், டிரைவர், தொலைபேசி, புத்தகம், என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) என்று வரிசையாகப் பெட்டிகள். எதை டிக் செய்தால் எவ்வளவு வரி மிச்சமாகும் என்பதை மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கம் இந்தியாவில் தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கானது. எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வரும் கடைசி ஆண்டு. அதற்குப் பிறகு என்ன என்பதற்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

ஃப்ளெக்சி திட்டம் என்றால் என்ன? எனக்குக் கூடுதலாகப் பணம் தருகிறார்களா?

இல்லை. உங்கள் சிடிசியிலேயே (உங்களுக்காக நிறுவனம் ஒதுக்கும் ஆண்டு மொத்தச் செலவு) இருக்கும் ஒரு பகுதியைத்தான் "இதை எந்த வடிவத்தில் வேண்டும்?" என்று கேட்கிறார்கள். பேசிக், பிஎஃப், கிராஜுவிட்டி போன்றவை போக மிச்சம் ஒரு தொகை இருக்கும். ஒன்றும் தேர்வு செய்யாவிட்டால் அது ஸ்பெஷல் அலவன்ஸ் என்ற பெயரில் மாதாமாதம் வரும், முழுக்க வரி உண்டு. தேர்வு செய்தால் அதே தொகை கூப்பனாகவோ, பில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் பணமாகவோ, கார் வாடகையாகவோ மாறும். மொத்தம் ஒரு ரூபாய்கூட ஏறாது.

பேசிக்கைக் குறைத்து மற்றவற்றை ஊதிப் பெரிதாக்கும் பழைய பழக்கத்துக்கு இப்போது ஒரு தடை வந்திருக்கிறது. 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ் வகைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அது கிராஜுவிட்டி, பிஎஃப் விஷயம். வருமான வரிக் கணக்கு தனி.

ஃப்ளெக்சியில் போட்டுவிட்டால் வரி கிடையாது என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கையால்தான் பாதிக் குழப்பம். வருமான வரிச் சட்டத்தில் "ஃப்ளெக்சி திட்டம்" என்ற சொல்லே கிடையாது. அது ஹெச்ஆர் வைத்த பெயர். வரித்துறை பொட்டலத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. இது அலவன்ஸா, திரும்பக் கொடுத்த செலவா, பொருளாகக் கொடுத்த சலுகையா, ஓய்வூதியத்துக்கு நிறுவனம் கட்டிய பங்கா என்று பார்த்து, அந்தந்த இனத்துக்கான விதியைப் பொருத்தும். பொருளாகவும் வசதியாகவும் கிடைக்கும் சலுகைகள் பிரிவு 17(2)-ல் வருகின்றன. அவற்றுக்கு மதிப்புப் போடுவது வருமான வரி விதிகளில் உள்ள விதி 3. அலவன்ஸ் என்றால் பிரிவு 10.

பொதுவாகச் சொன்னால், கையில் காசாகக் கொடுத்துவிட்டு அதற்கு "இன்டர்நெட் அலவன்ஸ்", "வெல்னஸ் அலவன்ஸ்" என்று அழகான பெயர் வைத்தால் அது சம்பளம்தான். பெயருக்கு விலக்கு இல்லை. அதே இன்டர்நெட் செலவை நிறுவனம் பில்லைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் கதை வேறு.

நான் புதிய வரி முறையில் இருக்கிறேன். எனக்கு ஃப்ளெக்சியால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் பட்டியல் மிகவும் சுருங்கிவிடும். விகிதமும் குறைவு, விலக்கும் குறைவு என்பது புதிய முறை; விகிதமும் அதிகம், விலக்கும் அதிகம் என்பது பழைய முறை. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்புநிலை. நீங்கள் நிறுவனத்திடம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதன்படிதான் வரி பிடிப்பார்கள்.

புதிய முறையில் போய்விட்டவை: வீட்டு வாடகைப் படி, எல்டிஏ, உணவுக் கூப்பன், குழந்தைகளின் கல்விப் படி, புத்தகம், யூனிஃபார்ம். தப்பியவை: நிறுவனம் கட்டும் என்பிஎஸ் பங்கு, நிறுவனத்தின் காரை விதி 3-ன்படி குறைவாக மதிப்பிடுவது, தொலைபேசிச் செலவு, சிறு பரிசு, குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம். தப்பியவற்றில் பல சட்டத்தின் பார்வையில் "விலக்கு" அல்ல. முதலிலிருந்தே வருமானமாக மதிப்பிடப்படாதவை, அல்லது குறைத்து மதிப்பிடப்படுபவை. புதிய முறை விலக்குகளைத்தான் வெட்டியது. அதனால் இவை பிழைத்துக்கொண்டன.

அவற்றில் எது உண்மையில் பெரிய தொகை?

என்பிஎஸ். தயங்காமல் சொல்வேன். பிரிவு 80சிசிடி(2)-ன்படி உங்கள் கணக்கில் நிறுவனம் கட்டும் தொகைக்குக் கழிவு உண்டு: புதிய முறையில் பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 14% வரை, பழைய முறையில் தனியார் ஊழியருக்கு 10% வரை. 14% ஆனது 2024 ஜூலை பட்ஜெட்டில். நீங்களே உங்கள் கையிலிருந்து கட்டும் தொகைக்குப் புதிய முறையில் கழிவு இல்லை. அதனால் இதை ஃப்ளெக்சி வழியாக, நிறுவனத்தின் பங்காகத்தான் போக வைக்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். ஒருவருக்கு வரிக்கு வரும் சம்பளம் 13,50,000 ரூபாய், பேசிக் 6,75,000. நிலையான கழிவு 75,000 போக 12,75,000. புதிய முறையின் வரி அடுக்குகளில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5% என்றால் 20,000. 8 முதல் 12 வரை 10% என்றால் 40,000. மேலே உள்ள 75,000-க்கு 15% என்றால் 11,250. மொத்தம் 71,250. வரியின் மேல் போடும் 4% செஸ் சேர்த்து 74,100 ரூபாய்.

இவர் அதே சிடிசிக்குள் 14% என்பிஎஸ் கேட்கிறார்: 94,500 ரூபாய். இப்போது வரிக்குரிய வருமானம் 11,80,500. 12 லட்சத்துக்குள் வந்துவிட்டதால் பிரிவு 87ஏ தரும் தள்ளுபடியில் வரி பூஜ்யம். 94,500 ரூபாயை ஓய்வூதியக் கணக்குக்குத் திருப்பியதில் 74,100 ரூபாய் வரி போயே போச்சு. 12 லட்சக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

கோட்டிலிருந்து தூரத்தில் இருப்பவருக்கு இவ்வளவு அதிசயம் நடக்காது. சம்பளம் 15,00,000, பேசிக் 7,50,000 என்றால் புதிய முறையில் வரி 97,500. என்பிஎஸ்ஸுக்கு 1,05,000 போனால் வரி 81,120. மிச்சம் 16,380 ரூபாய்தான். மோசமில்லை.

என்பிஎஸ்ஸில் மாட்டிக்கொள்ள ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. பணம் பெரும்பாலும் ஓய்வுக்காலம் வரை பூட்டியே இருக்கும். எடுக்கும்போதும் ஒரு பகுதிக்கு ஆண்டுத்தொகைத் திட்டம் (தவணையாக ஓய்வூதியம் தருவது) வாங்கியாக வேண்டும். இரண்டு வருடத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியவர் வரிக்காக இதில் போட்டுவிட்டு முழிக்கக் கூடாது. அப்புறம், நிறுவனம் கட்டும் பிஎஃப், என்பிஎஸ், சூப்பர்ஆனுவேஷன் (நிறுவனத்தின் ஓய்வூதிய நிதி) மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 7,50,000 ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி உண்டு, அந்தக் கூடுதல் தொகை ஈட்டும் வருவாய்க்கும் வரி உண்டு. உயர்ந்த சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டிய வரம்பு இது.

கார் லீஸ் எடுத்தால் வரி நிறைய மிஞ்சும் என்கிறார்கள். நிஜமா?

நிஜம்தான். இந்தப் பட்டியலில் கணக்கு சரியாகப் போட வேண்டிய இடமும் இதுதான்.

நிறுவனம் ஒரு லீசிங் கம்பெனியிடம் கார் எடுத்து உங்களிடம் கொடுக்கும். லீஸ் வாடகை, பெட்ரோல், பராமரிப்பு எல்லாம் உங்கள் ஃப்ளெக்சி தொகையிலிருந்து போகும். அலுவலுக்கும் சொந்தத் தேவைக்கும் காரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், உங்கள் வருமானத்தில் சேர்க்கப்படுவது மாதம் 1,800 ரூபாய் மட்டுமே. எஞ்சின் 1.6 லிட்டரைத் தாண்டினால் 2,400. டிரைவர் இருந்தால் கூடுதலாக 900.

மாத வாடகை 30,000, பெட்ரோலும் பராமரிப்பும் 8,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,56,000 ரூபாய் சம்பளத்திலிருந்து வெளியே போகிறது. 1,800 வீதம் 21,600 மட்டும் உள்ளே வருகிறது. வித்தியாசம் 4,34,400. நீங்கள் 30% வரி அடுக்கில் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்து ஏறத்தாழ 1,35,500 ரூபாய் வரி குறையும். இரண்டு வரி முறையிலும் இது செல்லும்.

இனி மறுபக்கம். லீஸ் வாடகைக்குள் வட்டியும் ஜிஎஸ்டியும் ஒளிந்திருக்கும். காலம் முடிந்ததும் வண்டி வேண்டுமென்றால் மிச்ச மதிப்பைக் கட்டி வாங்க வேண்டும். நடுவில் வேலையை விட்டால் முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் உங்கள் தலையில். ஆகவே, எப்படியும் அந்த விலைக்குக் கார் வாங்கப் போகிறவருக்கு இது நல்ல வழி. வரி மிஞ்சுமே என்று தேவைக்கு மேல் பெரிய கார் எடுப்பவர், 100 ரூபாய் செலவழித்து 31 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்.

இன்னொன்று: கார் முழுக்க முழுக்கச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் 1,800 கணக்கு பொருந்தாது; நிறுவனம் கொடுத்த வாடகையும் ஓட்டும் செலவும் முழுதாக வருமானத்தில் சேரும். அலுவல் வேலையாக வெளியே போகவே தேவையில்லாத ஒருவர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர், இதை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

என் சொந்தக் காருக்குப் பெட்ரோல் பில் கொடுக்கிறேன். அதுவும் அப்படித்தானே?

அப்படியே தலைகீழ். நிறுவனத்தின் கார் என்றால் 1,800 மட்டும் சேரும். உங்கள் சொந்தக் காருக்கு நிறுவனம் செலவைத் திருப்பிக் கொடுத்தால் 1,800 மட்டும் கழியும். மாதம் 12,000 ரூபாய் பெட்ரோலுக்கு வாங்கினால், 1.6 லிட்டருக்குள் இருக்கும் காரில் டிரைவர் இல்லாமல், 10,200 ரூபாய்க்கு வரி. டிரைவர் இருந்தால் கழிவு 2,700 வரை. பெரிய எஞ்சினுக்கு 3,300. இரு சக்கர வண்டிக்கு 900.

அதற்கு மேல் அலுவல் செலவு உண்மையில் ஆகியிருந்தால், எந்தத் தேதியில் எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பேடும் நிறுவனத்தின் சான்றும் வேண்டும். விற்பனைப் பிரிவில் ஊர் சுற்றுகிறவர்கள் அதை எழுதலாம். மற்றவர்கள் 1,800-லேயே நின்றுகொள்ளலாம்.

நிறுவனம் அனுப்பும் கேபில் வீட்டிலிருந்து ஆபீஸ் போய் வருவதற்கு வரி கிடையாது. அதைச் சலுகையாகவே சட்டம் எண்ணுவதில்லை.

உணவுக் கூப்பன் மாதம் 2,200 ரூபாய் என்பது எங்கிருந்து வந்த கணக்கு?

விதியில் இருப்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 50 ரூபாய் என்பது மட்டும்தான். மாதத்துக்கு 22 வேலை நாள், நாளுக்கு இரண்டு வேளை என்று பெருக்கி 2,200 ஆக்கினார்கள். ஆண்டுக்கு 26,400. பழைய முறையில் 30% வரி அடுக்கில் இருப்பவருக்கு இதனால் கிட்டத்தட்ட 8,237 ரூபாய் வரி மிச்சம்.

50 ரூபாய்க்கு இன்று சென்னையில் முழுச் சாப்பாடு எங்கே கிடைக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. கூப்பன் பிறருக்கு மாற்றத்தக்கதாக இருக்கக் கூடாது, உணவகங்களில் மட்டும் செல்ல வேண்டும் என்றும் விதி சொல்கிறது. சோடெக்ஸோ கட்டைக் கொண்டுபோய் மளிகை வாங்கிய தலைமுறைக்கு இந்த விதி புதிதாக இருக்கும்.

புதிய முறையில் கூப்பனுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் வேலை நேரத்தில் அலுவலகத்திலேயே நிறுவனம் தரும் சாப்பாட்டுக்கு 50 ரூபாய் வரம்பு தொடர்கிறது. டீ, காபி, நொறுக்குத்தீனிக்கு வரியே இல்லை. வெட்டப்பட்டது கூப்பன் மட்டும்.

தொலைபேசி, இன்டர்நெட் பில்?

தொலைபேசிக்கும் கைபேசிக்கும் நிறுவனம் உங்களுக்காக உண்மையில் செய்த செலவு சலுகையாக மதிப்பிடப்படாது. இரண்டு முறையிலும் செல்லும். சட்டத்தில் உச்சவரம்பு எழுதவில்லை. நிறுவனம்தான் மாதம் இவ்வளவு என்று வைத்திருக்கும். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வீட்டு பிராட்பேண்ட் அப்பா பெயரில் இருப்பதால் ஆண்டு முழுக்கத் திருப்பி அனுப்பப்பட்ட பில்கள் ஏராளம்.

எல்டிஏவில் குடும்பத்தோடு போன செலவு முழுதும் கழியுமா?

பயணக் கட்டணம் மட்டும். ஹோட்டல், சாப்பாடு, ஊர் சுற்றிய டாக்சி எதுவும் கிடையாது. பழைய வரி முறையில் மட்டுமே. இந்தியாவுக்குள் மட்டுமே. நீங்கள் விடுப்பு எடுத்து, நீங்களும் போயிருக்க வேண்டும். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர், உடன்பிறந்தோர் சேர்த்தி, 1.10.1998-க்குப் பிறகு பிறந்தவர்களில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும், இரட்டைப் பிரசவத்துக்கு விதிவிலக்கு உண்டு.

நான்கு காலண்டர் ஆண்டுகள் ஒரு தொகுதி, அதற்குள் இரண்டு பயணம். 2022-2025 தொகுதி முடிந்துவிட்டது, இப்போது 2026-2029. பழைய தொகுதியில் பயன்படுத்தாத ஒரு பயணத்தை மட்டும் புதிய தொகுதியின் முதல் ஆண்டான 2026-க்குள் எடுத்துக்கொள்ளலாம். விமானம் என்றால் மிகக் குறுகிய வழிக்கான எகானமி கட்டணம் வரை. சொந்தக் காரில் ஊருக்குப் போய்விட்டு பெட்ரோல் பில்லை நீட்டினால் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

வழியில் வெளிநாட்டைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. பாரத ஸ்டேட் வங்கி ஊழியர்கள் சிலர் சுற்றுப்பயணமாகப் போய் எல்டிசி (எல்டிஏவுக்கு இன்னொரு பெயர்) வாங்கினார்கள். அதில் ஒரு வழித்தடம்: டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மீண்டும் கொழும்பு, டெல்லி. புறப்பட்டதும் சேர்ந்ததும் இந்தியாதானே, உள்நாட்டுத் தூரத்துக்கான கட்டணம்தானே கேட்டோம் என்பது வங்கியின் வாதம். இந்தியாவுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, அதுவும் மிகக் குறுகிய வழியில் போவதற்குத்தான் விலக்கு என்று 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மதுரைக்குப் போக சிங்கப்பூர் குறுக்குவழி இல்லை.

மருத்துவ பில் 15,000 ரூபாய் வரை கொடுப்போமே, அது எங்கே?

2018-19 முதல் இல்லை. அதோடு மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படியும் சேர்ந்து போய், பதிலாக 40,000 ரூபாய் நிலையான கழிவு வந்தது. இப்போது அது பழைய முறையில் 50,000, புதிய முறையில் 75,000. ஃப்ளெக்சி பட்டியலில் இன்னும் "மெடிக்கல்" என்று ஒரு பெட்டி இருந்தால், அந்தத் தொகைக்கு வரி உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கட்டும் குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மட்டும் உங்கள் வருமானத்தில் சேராது. பெற்றோரைச் சேர்க்க உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பிரீமியத்துக்கு 80டி கழிவு, பழைய முறையில்.

வீட்டு வாடகைப் படிக்கு எவ்வளவு விலக்கு?

பழைய முறையில், மூன்றில் எது குறைவோ அது: வாங்கிய படி, கொடுத்த வாடகையில் பேசிக்கின் 10% கழித்த மிச்சம், பேசிக்கில் 50% அல்லது 40%. 50% என்பது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கு மட்டும். கோவை, மதுரைக்கு மட்டுமல்ல, பெங்களூருக்கும் 40%தான். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும்.

புத்தகம், யூனிஃபார்ம், குழந்தைகளின் பள்ளி?

பழைய முறையில் மட்டும். முதல் இரண்டும் வேலைக்காக உண்மையில் செலவழித்த அளவுக்குத்தான். குழந்தைகளின் கல்விப் படி ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், விடுதிக்கு 300, இரண்டு பிள்ளைகள் வரை. நூறு ரூபாய்தான், நீங்கள் தவறாகப் படிக்கவில்லை.

கம்பெனி லேப்டாப் தருகிறது. பிறகு அது எனக்கே சொந்தமாகும் என்கிறார்கள். வரி?

பயன்படுத்தும் காலத்தில் கணினிக்கும் லேப்டாப்புக்கும் சலுகை மதிப்பு பூஜ்யம். மற்ற பொருட்கள், உதாரணமாக டிவி, ஃப்ரிட்ஜ் என்றால் விலையில் ஆண்டுக்கு 10% வருமானமாகச் சேரும். உங்கள் பெயருக்கு மாற்றும்போது ஒரு கணக்கு உண்டு: முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மிச்ச மதிப்பில் 50% தேய்மானம். 80,000 ரூபாய் லேப்டாப் இரண்டு ஆண்டு கழித்து 20,000. இலவசமாகக் கொடுத்தால் அந்த 20,000-க்கு வரி. 5,000 வாங்கிக்கொண்டு கொடுத்தால் 15,000-க்கு.

தீபாவளிக்குக் கொடுக்கும் கிஃப்ட் கார்டு?

ஆண்டுக்கு மொத்தம் 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் வரி இல்லை, இரண்டு முறையிலும். ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலோ கொடுத்தால் முழுக்கச் சம்பளம்.

இவ்வளவும் பார்த்தால் பழைய முறைக்கே போய்விடலாம் போலிருக்கிறதே?

கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். சம்பளம் 20,00,000 என்றால் புதிய முறையில் செஸ்ஸோடு வரி 1,92,400. பழைய முறை இதைவிடக் குறைவாக வர, நிலையான கழிவு 50,000 போக இன்னும் சுமார் 7,08,000 ரூபாய்க்கு விலக்கும் கழிவும் இருக்க வேண்டும். பெருநகரத்தில் பெரிய வாடகை, முழு 80சி (பிஎஃப், காப்பீடு போன்ற சேமிப்புக்கான கழிவு), வீட்டுக் கடன் வட்டி என்று கனமானவை இருந்தால்தான் அது எட்டும். உணவுக் கூப்பனும் புத்தக பில்லும் சேர்ந்து அந்த மலையை ஏற்றாது. கனமானது ஒன்றும் இல்லாமல், ஃப்ளெக்சிக்காக மட்டும் பழைய முறையைத் தேர்வு செய்பவருக்கு நஷ்டம்தான் என்பது என் எண்ணம்.

ஏப்ரலில் ஒரு முறை, ரிட்டர்னில் வேறு முறை என்று மாற்றலாமா?

தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் மாற்றலாம், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால். தாமதமானால் புதிய முறைதான். நிறுவனத்திடம் சொல்வது மாதாமாதம் சம்பளத்திலேயே வரி (டிடிஎஸ்) பிடிப்பதற்காக மட்டும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஏப்ரலில் புதிய முறை என்று சொல்லிவிட்டால், கூப்பனும் புத்தகமும் கிடையாது என்று நிறுவனம் அந்தத் தொகையை ஸ்பெஷல் அலவன்ஸாகக் கொடுத்துவிடும். ஜூலையில் பழைய முறைக்கு மாறினாலும் வாங்காத கூப்பனுக்கு விலக்குக் கேட்க முடியாது. கொடுத்த வாடகைக்கும், 80சி முதலீட்டுக்கும் ரிட்டர்னில் கேட்கலாம். கூப்பனும், பில் கொடுத்துத் திரும்ப வாங்கும் செலவும் அந்தந்த ஆண்டில், நிறுவனத்தின் வழியாக நடந்தால்தான் உண்டு.

பில் கொடுக்க மறந்தால் பணம் போய்விடுமா?

பெரும்பாலான திட்டங்களில் போகாது. மார்ச் சம்பளத்தோடு வரி பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் கைக்கு வரும் சம்பளம் திடீரென்று மெலிவதற்குக் காரணமும் அதுதான்: ஏப்ரலில் நீங்கள் சொன்னதை நம்பிக் குறைவாகப் பிடித்து வந்த வரியை, ப்ரூஃப் வராததால் கடைசி இரண்டு மாதத்தில் மொத்தமாகப் பிடிக்கிறார்கள். எல்டிஏ, வாடகை போன்றவற்றுக்கு படிவம் 12பிபி-யோடு சான்றும் வாங்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. எல்டிசி சான்றுகளை முதலாளி சேகரித்தாக வேண்டியதில்லை என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குப் பின், 2015-ல் சட்டத்தில் புதிய உட்பிரிவு சேர்த்து அந்தக் கடமையை உண்டாக்கினார்கள். ஆகவே ஹெச்ஆர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

டிரைவர் சம்பளத்துக்கு எல்லாரும் ரசீது எழுதிக் கொடுக்கிறார்களே?

டிரைவர் இருந்தால் எழுதலாம். இல்லாத டிரைவருக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுவதும், குடியிருக்காத வீட்டுக்கு வாடகை ரசீது வாங்குவதும் பொய்க் கணக்கு. பிடிபட்டால் வரியும் வட்டியும் போக, தவறாகக் காட்டிய வருமானத்துக்கான வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 200% வரை அபராதம். மாதம் 900 ரூபாய் கழிவுக்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

நடுவில் வேலை மாறினால்?

ஃப்ளெக்சி தொகை வேலை பார்த்த மாதங்களுக்கு மட்டும் கணக்கிடப்படும். கொடுக்காத பில்களை கடைசி நாளுக்கு முன் கொடுத்துவிடுங்கள், முழுக் கணக்கு முடித்த பின் ஏற்க மாட்டார்கள். பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளம், சலுகை, பிடித்த வரி ஆகியவற்றைப் புதிய இடத்தில் படிவம் 12பி-யில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு நிறுவனமும் தனித்தனியாக நிலையான கழிவும் கீழ் அடுக்கு விகிதமும் கொடுத்திருக்கும். ரிட்டர்ன் போடும்போது வித்தியாசம் முழுக்க உங்கள் தலையில் விழும்.

சலுகைகளுக்கான வரியை முன்பு நிறுவனமே கட்டியதாக ஒரு மூத்தவர் சொன்னார். உண்மையா?

உண்மை. 2005 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் கொண்டுவந்த ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் வரி அது. சலுகைகளுக்கான வரி நிறுவனத்தின் மேல் விழுந்தது. 2009-ல் பிரணாப் முகர்ஜி அதை நீக்கியதும், சலுகைகள் மறுபடியும் ஊழியரின் வருமானமாயின.

1.4.2026-க்குப் பிறகு என்ன மாறும்?

வருமான வரிச் சட்டம் 2025 அன்று முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" என்ற இரட்டைப் பெயர் போய் "வரி ஆண்டு" என்று ஒன்றே நிற்கிறது. 50 ரூபாய், 1,800 ரூபாய், 5,000 ரூபாய் போன்றவை சட்டத்தில் இல்லை, விதிகளில் இருக்கின்றன. புதிய சட்டத்துக்குப் புதிய விதித் தொகுப்பு. எனவே 2026-27-க்கான பெட்டிகளை டிக் செய்யும் முன், ஹெச்ஆர் அனுப்பும் அட்டவணையில் இந்தத் தொகைகள் எந்த ஆண்டு விதிப்படி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2025-26 சம்பளத்துக்கு 2026 ஜூலையில் போடும் ரிட்டர்னுக்கு இங்கே உள்ள எண்களே பொருந்தும்.